அப்ரோர்

— அப்ரோரா? அந்த வார்த்தை உனக்கு எதுக்குடே வேலாயுதா? போலீசுக்காரனுக்கு லத்தி போராதா?

— கேலி வேண்டாம், பொன்னுதாஸ் சாறே. எங்க இன்ஸ்பெக்டர் ஏமான் படிச்சிட்டு வரச் சொல்லியாக்கும். கோர்ட்டுல சாட்சிக்கூட்டுல ஏறி நான் அதை இங்கிலீசுல சொல்லணும்.

— இங்க சர்க்காருக்க பாசை மலையாளம்தானே, அதுல சொன்னா ஆகாதா?

— இங்கிலீசுலன்னா பலமாம். அர்த்தம் தெரியாம முழிச்சா வக்கீலு என்னைத் தோலுரிச்சிருவான். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சொல்லுத மாதிரி சொல்லித் தாருங்க.

— இரி. ஞானம், வேலாயுதனுக்கு ஒரு கட்டஞ்சாயா! கேட்டுக்கோ. நூறு பேரு ஒண்ணா போடுத கூச்சலாக்கும் அப்ரோர்.

— சந்தையில மீன்காரிகள் போடுத ஒச்சையும் அதுதானா?

— அது வெறும் சத்தம்டே. அப்ரோருக்குள்ள கோவம் உண்டு. கேக்குதவன், இப்ப அடிபிடி வரும்னு கதவைச் சாத்தணும்.

— அப்ப 'எங்க ஊருகளைத் தமிழ்நாட்டோட சேக்கணும்'னு கோஷம் போட்டா?

— கோஷம் கோஷம்தான். ஏடே, நீ எங்கேயாக்கும் சுத்திட்டு வாற?

— சாறு அர்த்தம் மட்டும் பறஞ்சா போரும்.

— நான் அடுக்களையில நிண்ணு கேட்டுட்டுத்தான் இருக்கேன் வேலாயுதா. போன வாரத்துப் பனச்சமூட்டுக் கூட்டந்தானே? எனக்க தம்பி எலியா அதுல பேசினான். அவனை உள்ள தள்ளத்தான் இந்தப் படிப்பா? எத்தற நாளு எனக்க கையால சோறு தின்னிருக்க நீ!

— ஞானபாய் அக்கா, மெதுவா. எனக்குச் சாயா வேண்டாம்.

— நீ சும்மா இரி ஞானம். வேலாயுதா, நானும் பனச்சமூட்டுல நிண்ணேன். பேசினாவ, கேட்டோம், பஸ்சு பிடிச்சு வீட்டுக்கு வந்தோம். அதைப் போயி அப்ரோர்னு கோர்ட்டுல சொன்னா அது பொய்ச்சத்தியம்.

— அறியாம் சாறே, நல்லாத் தெரியும்.

— அறிஞ்சிட்டா படிக்க வந்த?

— பெண்டாட்டி பிள்ளை உண்டே எனக்கு. இண்ணைக்குக் காலம்பற ஏமானுக்க முன்ன நாலுபேரு வரிசையா நிண்ணு சொல்லிப் பாத்தோம். ஆளுக்கொரு காரியம். எனக்குக் கிட்டினது அப்ரோர். அடுத்தவனுக்கு 'கல்லெறிஞ்சாவ'. மூணாமத்தவன், 'பிரிஞ்சு போகச் சொன்னோம், போகல்ல'ன்னு சொல்லணும்.

— நாலாமத்தவன்?

— 'வேற வழியில்லாம சுட்டோம்.'

— சுட்டீங்களா? பனச்சமூட்டுல ஆருடே சுட்டது? ஒரு ஓலைப்படக்கம்கூட வெடிக்கல்லியே!

— பனச்சமூடுன்னு நான் பறஞ்சேனா சாறே? நீங்களாத்தான் சொன்னீங்க.

— பின்ன எந்தக் கூட்டம்? வேற எங்கயும் கூட்டம் நடக்கல்லியே!

— எலியா எங்க அக்கா?

— அவன் காரோடு ஊருலயாக்கும். நாளைக்கு அங்க ஊர்வலம். அவனாக்கும் முன்னால நடக்கான். ஏன் மக்கா, எதுக்கு அவனைக் கேக்குத?

— ஆளு விட்டு அவனை இப்பமே கூட்டிட்டு வாருங்க அக்கா. நாளைக்கு நடக்கப் போறதுக்காக்கும் நாங்க இண்ணைக்கே சாட்சி படிச்சது.