நாலு சக்கரத்துக்கும் கட்டை

ரிமாண்டு பண்ணா பண்ணட்டும்மா. ஜெயிலு நமக்கு இன்னா புதுசா? பதினோரு தபா போய் வந்தவன் நானு. மன்னிப்புக் கடுதாசின்னு மட்டும் பேசாத. முதலாளிங்க எத்தினி பேரு கேட்டுப் பார்த்தாங்க, ஒருத்தனுக்காவது எழுதிக் குடுத்துக்கீறனா?

இன்னாது, மன்னிப்பு வேணாமா? அப்போ இன்னாதான் வேணுமாம் தேவராஜுக்கு? ஏன் அடிச்சேன்னு நானே என் வாயால உன் கைல சொல்லணுமா? சொன்னா கேசு வேணாம்னு எழுதித் தந்துர்றானா? பாரேன், மண்டையில ஒம்பது தையலு, தோள்பட்டை எலும்பு ரெண்டாக் கீது, படுத்துகினே ஷரத்து போடுறான்.

தெரியும்மா. மூணு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்டாண்ட இட்னு போயிடுவாங்க. கடியாரத்தைக் காட்டாத. சொல்றேன், இரு.

நீ வர்றதுக்கு முன்னாடி அந்த ஏட்டு கேக்குறாரு, இந்த வக்கீலம்மா உனக்கு இன்னா வேணும்னு. எங்க முனியன் பொண்ணு மதிவதனி, யூனியன் படிக்கவச்ச புள்ளைன்னேன். எந்த முனியன்னு கேக்குறாரு. தொண்ணூத்தி ரெண்டுல அம்பத்தூர் எஸ்டேட்ல, சீதாபதி ஃபோர்ஜிங்ஸ் கேட்டாண்ட வண்டி ஏத்திக் கொன்னாங்களே, அந்த முனியன்யான்னேன். தெரியலன்னு தலையாட்டிட்டு சாப்புடப் போயிட்டாரு. ஊரு முழுக்க போஸ்டர் ஒட்டுனோம் அன்னிக்கு. இன்னிக்கு ஒரு ஏட்டுக்குத் தெரியல.

சரி சரி, தேவராஜு. அவன் மேல எனக்கு இன்னா கோவம்? ஒண்ணும் கெடையாது. ஆவடி டாங்கி ஃபேக்டரில முப்பத்தஞ்சு வருஷம் ஃபிட்டரு, நாங்குனேரிக்காரன். குவார்ட்டர்ஸ்லயே காலத்த ஓட்டியும் பேச்சு மாறல, என்னை அண்ணாச்சின்னுதான் கூப்புடுவான். உங்கப்பன் மேல ஏத்துன அந்த ஃபார்கோ பிக்கப்பு, கேசு முடிஞ்சு ஏலத்துல போயி, திருமுல்லவாயல்ல ஒரு பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு. நான் அதை எடுத்தாந்தப்போ ஊருல ஒருத்தன் விடாம திட்டுனான். உங்கம்மா வேம்புலியம்மா என் சட்டையப் புடிச்சு மூஞ்சியிலயே துப்புனா. உனக்கு ஞாபகம் கீதா? எதிரியோட ஆயுதத்தைக் கைப்பத்தி வச்சிருக்கோம், அது நம்ம சரித்திரம்மான்னு அவகிட்ட பிரசங்கம் பண்ணேன். தொடச்சுகினேதான் பண்ணேன்.

அம்பத்தெட்டு மாடலும்மா அது. சீட்டுல நாய் குட்டி போட்டு வச்சிருந்துச்சு. எஞ்சின் துருப்புடிச்சு ஒரே கட்டியா இறுகிப்போயி கெடந்துச்சு. அப்போதான் தேவராஜு வந்தான், யாரோ சொல்லி. ஆறு சிலிண்டர்லயும் கிரசினும் ஆயிலும் ஊத்தி வுட்டோம். தெனம் காலைல வந்து சக்கரத்தை முன்னப் பின்ன ஆட்டிப் பார்ப்பான். பன்னெண்டாம் நாளு, அரை விரக்கடை அசைஞ்சுது. பூந்தமல்லியில சபீனான்னு ஒரு பொம்பள பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிகீது, அதுகிட்ட கெஞ்சிக் கூத்தாடி கார்புரேட்டர் வாங்குனோம். மொத தபா ஸ்டார்ட் ஆனப்போ உள்ளேர்ந்து குப்புனு நெருப்பு வந்து தேவராஜு புருவம் பொசுங்கிப் போச்சு. ரெண்டு கெழவனும் கட்டிப்புடிச்சுகினு கத்துனோம். இருபதாயிரம் பேரு ஊர்வலத்துல என் பேரைச் சொல்லி வாழ்கன்னப்போகூட எனக்கு அவ்ளோ சந்தோசம் வந்ததில்ல. சொல்றதுக்கு வெக்கமாத்தான் கீது.

அப்புறம் ஞாயித்துக்கெழமையானா அயனம்பாக்கம் ஏரிக்கரை. ஏழு வண்டி வரும், எல்லாம் பழைய பிக்கப்பு. கம்ப்யூட்டர் கம்பெனி ஸ்ரீகாந்த் ஒரு வில்லிஸ் வச்சிகீறான். பானட்டைத் தொறந்து போட்டுகினு ஒருத்தனை ஒருத்தன் கலாய்ப்போம். உன் வண்டி ஆயில் ஒழுகுதுடா, உனக்கு இன்னா ஒழுகுதோன்னு. அங்க ஒரு வழக்கம் கீது. வண்டியை நிறுத்துனா, இன்னொருத்தனுக்குக் கை குடுக்கறதுக்கு முன்னாடி, சக்கரத்துக்கு அடியில மரக்கட்டை வைக்கணும். மறந்தவன் அன்னிக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கணும். ஏன்னா அந்தக் காலத்து வண்டிங்களுக்கு ஹேண்ட் பிரேக்கு சக்கரத்துல புடிக்காது. கியர் பாக்ஸுக்குப் பின்னாடி, சக்கரத்தைச் சுத்துற சாஃப்ட்டுல புடிக்கும். கியர் பாக்ஸ்லேர்ந்து ஆயில் கசிஞ்சா போச்சு, புடிச்ச மாதிரியே இருக்கும், கொஞ்ச நேரத்துல வழுக்கி வுட்டுரும்.

தெரியாமத்தான் கேக்குறேன், நான் வளவளன்னு பேசுறனா? நீ கேட்டதுக்குத்தாம்மா வர்றேன்.

ஞாயித்துக்கெழமை தேவராஜு வண்டிக்கு அடியில படுத்துகினு அந்த ஹேண்ட் பிரேக்கைத்தான் கழட்டிகினு இருந்தான். நான் பக்கத்துல ஸ்டெப்னி மாட்டிகினு இருக்கேன், வீல் ஸ்பேனர் கையில. அடியிலேர்ந்தே பேசுறான். அண்ணாச்சி, எல்லாரும் ஒரு கட்டை போடுதாவ, நீங்க மட்டும் சமதரையில கூட நாலு சக்கரத்துக்கும் போடுதியளே, ஏன்னு கேட்டான். பயம்தான்டான்னேன். சிரிச்சான். வெளிய வந்து துணியில கையத் தொடச்சுகினு, முனியன் செத்தப்போ நீங்க போட்ட நோட்டீஸைப் படிச்சேன் அண்ணாச்சி, கேட்டு மேட்டுல வண்டிய பின்னால ஓட்டி அவர் மேல ஏத்துனாவன்னு போட்டுருக்கு, அந்த மேட்டுல இந்த பிரேக்கு நிக்காதே, நெசமாவே சீட்டுல ஆள் இருந்தானான்னு கேட்டான்.

மெதுவாத்தான் கேட்டான். யாருக்கும் கேக்கல.

மொத அடி தோள்ல வுழுந்துச்சு. எலும்பு முறியற சத்தம் என் கையில ஏறுச்சு, ஸ்பேனர் வழியா. அவன் ஐயோன்னு கூட சொல்லல, அண்ணாச்சின்னான். ரெண்டாவது மண்டையில. குப்புற வுழுந்துட்டான், அவன் துணி கையிலயே கீது. மூணாவதுக்கு ஓங்கிட்டேன்மா. அது வுழுந்திருந்தா இன்னிக்கு கொலை கேசுக்குத்தான் வந்திருப்ப. ஸ்ரீகாந்த் பின்னாலேர்ந்து கழுத்தைப் புடிச்சு இழுத்துட்டான். அவனையும் முழங்கையால மூக்குல ஒண்ணு வுட்டேன். எழுபது வயசுல அந்தப் பலம் எங்கேர்ந்து வந்துச்சோ.

அவ்ளோதான். இதான் காரணம். எழுதிக்கோ, தியாகியைக் கேவலமாப் பேசினான், ஆத்திரத்துல அடிச்சேன்னு.

ஏம்மா அப்படிப் பாக்குற? இன்னா, சீட்டுல ஆள் இருந்தானா, ஆமாவா இல்லையாவா? குறுக்கு விசாரணை என் கைலயேவா?

சரி. நோட்டீஸ்ல எழுதாதது கொஞ்சம் கீது.

நாப்பத்தோராவது நாளு ஸ்ட்ரைக்கு. காலைல பத்து மணி இருக்கும். மேனேஜ்மென்ட்டு அந்தப் பிக்கப்புல ஒம்பது ரவுடிங்களை ஏத்தி அனுப்புனான். இரும்புத் தடி, சைக்கிள் செயினு. குதிச்ச உடனே மொத அடி உங்கப்பன் முட்டிக்குத்தான். காலு தப்பான பக்கம் மடங்கிப் போச்சு. அறவழியில் நின்ற தொழிலாளர்கள்னு நோட்டீஸ்ல எழுதுனவன் நான். அறவழியாவது ஒண்ணாவது. முந்நூறு பேரு பாய்ஞ்சோம். ஒருத்தன் காது தனியா ரோட்டுல கெடந்துச்சு. ஒருத்தன் பல்லு என் செருப்புல குத்தி நின்னுச்சு. அஞ்சு நிமிசத்துல ரவுடிங்க எஸ்டேட் ரோட்டைப் பார்த்து ஓடுறானுங்க, நம்மாளுங்க தொரத்துறாங்க.

வண்டி அப்போ நம்ம கையிலம்மா. புடுங்கிட்டோம். நான்தான் ஏறி உக்காந்து, கேட்டு மேட்டுல ஏத்தி, கதவை அடைச்சா மாதிரி நிறுத்துனேன். உள்ளேர்ந்து இன்னொரு கும்பல் வந்துரக் கூடாதுன்னு. நல்ல யோசனைதான். கீழ மதகுச் சுவத்துல உங்கப்பனைச் சாய்ச்சு உக்கார வச்சிருந்தோம், துண்டால காலைக் கட்டிகினு இருந்தான். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். புடிச்சுது. நல்லாத்தான் புடிச்சுது. எறங்கி ரோட்டுக்கு ஓடுனேன், அடிக்கறதுக்கு. இன்னும் நாலு பேரை அடிக்கணும்னு வெறி. கட்டை வைக்கணும்னு எனக்கு அன்னிக்குத் தெரியாதும்மா. நான் ஹேமர் ஆபரேட்டரு, டிரைவரா நானு?

பரந்தாமா, வண்டின்னு உங்கப்பன் ஒரு கத்து. திரும்புனேன். மெதுவாத்தான் வந்துச்சு, நடக்கற வேகத்துல. சீட்டுல யாரும் இல்ல. அவனால எழுந்துக்க முடியல, கையை ஊணி ஊணித் தேய்ச்சுகினு நகர்றான். நாப்பது அடி தூரம் எனக்கு. ஓடுனேன், ஓடலன்னு நெனைக்காத. சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல போயிட்டான். நெஞ்சு அமுங்குற சத்தத்தை உன் கைல சொல்ல மாட்டேன்.

அழாத. இல்ல, அழு. உன் இஷ்டம்.

கூட்டம் திரும்பி வந்துச்சு. யாருடா ஏத்துனதுன்னு கேட்டாங்க. கொஞ்ச தூரத்துல, ரவுடிங்களை ஏத்திகினு வந்த டிரைவர் கெடந்தான், இராமகிருஷ்ணன்னு பேரு. நான் ஒண்ணும் பேசலம்மா. அவன் பக்கம் கையை நீட்டுனேன். அவ்ளோதான் பண்ணேன். மீதியக் கூட்டம் பண்ணுச்சு. அப்புறம் நோட்டீஸ் நான் எழுதுனேன், சாட்சியும் நான் சொன்னேன். மூணே மாசத்துல கம்பெனி பணிஞ்சு வந்து கையெழுத்துப் போட்டுச்சு. எண்ணூறு குடும்பம் அதுல சாப்புட்டுச்சு, உன் படிப்பும் அதுலதான். அதைப் பொய்யின்னு சொல்லிடாத.

உண்மையைச் சொல்லிருக்கலாமேன்னு சுலபமாக் கேக்குற. சொல்லிருந்தா அன்னிக்கு சாயங்காலமே ஸ்ட்ரைக்கு உடைஞ்சிருக்கும்.

அந்த இராமகிருஷ்ணனுக்கு ஏழு வருஷம் போட்டாங்க. கூலிக்கு வண்டி ஓட்ட வந்தவன், அவனும் நம்மள மாதிரி ஒரு தொழிலாளிதான். ஸ்டீயரிங்கை வுட மாட்டேன்னு புடிச்சுகினு இருந்தான், வண்டியப் புடுங்கறப்போ. அவன் ரெண்டு மணிக்கட்டையும் நான்தான் ஒடிச்சேன், அவனுங்க கொண்ணாந்த தடியாலயே. ஒடிச்சதுக்கப்புறம்தான் வண்டி என் கைக்கே வந்துச்சு. கோர்ட்டுல மாத்திச் சொன்னேன், மொதல்ல அவன் ஏத்துனான், அதுக்கப்புறம்தான் நாங்க அவனை அடிச்சோம்னு. ரெண்டு கையும் ஒடிஞ்சவன் எப்படிய்யா கியர் போடுவான்னு ஒரு வக்கீலும் கேக்கல.

செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு கோடவுன்ல வாட்ச்மேனா கீறான். டம்ளரைக் கூட ரெண்டு கையாலதான் புடிப்பான், தூரத்துலேர்ந்து பார்த்துக்கீறேன். தேவராஜாண்ட அப்புறமாப் போய்க்கலாம். மொதல்ல இராமகிருஷ்ணன் வெலாசம் சொல்றேன், எழுதிக்கோ.