நாலாவது நிமிடம்

காரை அணைத்த உடனே யாரும் இறங்குவதில்லை சார். நீங்களே யோசித்துப் பாருங்கள். சாவியைத் திருப்பியாயிற்று, என்ஜின் நின்றாயிற்று, இறங்க வேண்டியதுதானே? இறங்க மாட்டோம். கண்ணாடியில் ஒருதரம் முகம் பார்ப்போம். சட்டைப் பையைத் தடவுவோம். பக்கத்தில் இருப்பவரிடம் வழியெல்லாம் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொல்வோம். ஓடுகிற வண்டியில் ஊர்க்கதை, நின்ற வண்டியில் சொந்தக் கதை. பதினெட்டு வருடமாக மரக்காணத்தில் கார் எலக்ட்ரீஷியனாக இருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

உங்கள் ஜீப்புக்குப் போன வருடம் செல்ஃப் மோட்டார் போட்டவன் இந்த ஜான்சன்தான். இப்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா?

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். கடல் உள்ளே வந்துபோன மறுமாதம் அது. உப்பளக்காரர் தட்சணாமூர்த்தி ஐயா தன்னுடைய வெள்ளை அம்பாசடரை டீக்கடை ஓரம் நிறுத்தி, சாவியைத் திருப்பியிருக்கிறார். அடுத்த நொடி ஒரு லாரி வந்து பக்கவாட்டில் உரசிவிட்டது. உரசியவன் இறங்கிவந்து, நீதான் குறுக்கே வந்தாய் என்று சண்டை. சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் அனுப்பிய ஹேண்டிகேம் ஒன்று ஐயாவிடம் சும்மா கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"ஏம்பா ஜான்சன், இத வண்டி முன்னாடி மாட்டு. ரோட்ட புடிச்சிகினே வரணும். சாவிய அணைச்சப்புறமும் ஒரு நிமிஷம் ஓடணும். அப்பதான இடிக்கிறானுங்க?"

நல்ல யோசனை. இந்த ஊரில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை. டாஷ்போர்டின் இடது ஓரத்தில் கேமராவை உட்கார வைத்தேன். சாவி அணைந்ததும் கரண்ட் உடனே போகாமல், கொஞ்ச நேரம் கழித்துப் போகிற மாதிரி ஒரு ரிலே வைத்தேன். கரண்ட் இருக்கும்வரை எரிய ஒரு குட்டி சிவப்பு பல்பு. சாவி போடும்போதெல்லாம் கேமரா பட்டனை அமுக்குவது டிரைவர் செந்தமிழின் வேலை. சனிக்கிழமை டேப்பைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். நான் டிவியில் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

செந்தமிழ் நல்ல பையன். இருபத்தாறு வயது. முதல் வாரமே கேட்டான்: "அண்ணே, இதுல பேச்சும் விழுமா?"

"விழாதுடா, வெறும் படம்" என்றேன்.

பேச்சு விழும் என்று சொன்னால் அப்புறம் யார் பேசுவார்கள்?

தட்சணாமூர்த்தி ஐயாவின் உப்பு பாக்கெட் கொட்டகையில் மேற்பார்வைக்கு இருந்தவள் பூவிழி. கீழ்புத்துப்பட்டுப் பெண். பஸ் தவறிப்போகும் சாயங்காலங்களில் ஐயாவே காரில் அனுப்பிவைப்பார். செந்தமிழ் அவளை ஊர் முனையில் இறக்கிவிட்டு வருவான். டேப்பில் வழியெல்லாம் பாட்டுதான் கேட்கும். அப்புறம் வண்டி நிற்கும். பாட்டு நிற்கும். கண்ணாடிக்கு வெளியே ஒரு புளியமரமும் நாலு ஆடும் தெரியும். அப்போது அவள் பேசுவாள்.

முதல் டேப்பில் அவள் பேசியது, கடல் வந்த நாளைப் பற்றி. அன்றிலிருந்து கிழக்கே தலைவைத்துப் படுக்க முடியவில்லையாம். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். அந்த இடத்தில் ஒரு நிமிடம் முடிந்து, டேப் நின்றுவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை சார். அடுத்த வாரம் ஒயர் பார்க்கிற சாக்கில் வண்டியை வரவழைத்து இரண்டு நிமிடமாக மாற்றினேன். சித்திரையில் மூன்று நிமிடம். அதற்கு மேல் அந்த ரிலேயில் வைக்க முடியாது.

ஆறு மாதம் கேட்டேன். அவளுக்கு வரும் ஒற்றைத் தலைவலி எனக்குத் தெரியும். கமர்கட் பிடிக்கும். அவள் அப்பாவின் இருமல் சத்தத்தை அவள் செய்துகாட்டினால், கடையில் தனியாக உட்கார்ந்து நான் சிரிப்பேன். செந்தமிழ் பாதி நேரம் 'உம்' கொட்டுவான், அவ்வளவுதான். கவனமாகக் கேட்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள். ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார் என்றால், அந்தப் பேச்சு கேட்கிறவருக்குத்தானே சொந்தம்?

செருப்பு அறுந்துவிட்டது, ஆறாம் நம்பர் இந்த ஊரில் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் சொன்னாள். நான் பாண்டிச்சேரி போய் வாங்கிவந்து, கொட்டகை வாசலில் வைத்துக் கொடுத்தேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததே நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டேப்பில் அவள் செந்தமிழிடம் சொன்னாள்: "அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்க்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்குது. என் செருப்பு சைஸு அவருக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? பாவம், நல்ல மனுசன் அவரு" என்றான் அவன்.

பாருங்கள், அவன் எனக்காகப் பரிந்து பேசினான். எனக்கு அவன்மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பூவிழியும் கூச்சத்தில் அப்படிச் சொன்னாள். பெண்கள் சொல்வதுதான்.

ஆடி மாதக் கடைசி டேப்பில் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆவணியில், இரும்பை சிவன் கோயிலில். வீட்டில் இரண்டு பக்கமும் சம்மதமாம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்று அவன் சொல்ல, அவளும் சரி என்றாள். அவள் வேலைக்கு வராவிட்டால் காரில் ஏற மாட்டாள். காரில் ஏறாவிட்டால் டேப்பில் என்ன இருக்கும்? புளியமரமும் ஆடும்தான். இவ்வளவு சாதாரணமாக ஒருவன் இதைச் செய்துவிட முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணி. நல்ல வெயில், நல்ல காற்று. உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடவில்லை என்று என்னைக் கூட்டிப்போகச் செந்தமிழ் வந்தான். மோட்டாரில் ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். திரும்பும்போது கரையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பாத்தி, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாயிலிருந்து வரும் வாய்க்கால், அதன் முனையில் மதகு. பின்னாலேயே எடுக்க வேண்டும். நான் இறங்கிப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வா, வா. இடம் இருக்குது, வா."

அவன் என்னை நம்பி வந்தான். வலப்பக்கச் சக்கரங்கள் கரையைவிட்டு இறங்கின. வண்டி அப்படியே சாய்ந்து, வாய்க்காலில் வலது புறமாகப் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் டேப்பில் பார்த்திருக்கிறீர்கள். செந்தமிழ் பயத்தில் சாவியை அணைத்துவிட்டான். கேமரா மேல்பக்கமாக இருந்ததால் நனையவில்லை. என் குரல் நன்றாக விழுந்திருக்கிறது. "ஐயோ செந்தமிழு, பயப்படாதடா, நான் இருக்கிறேன்டா!" மேலே நின்ற கதவைத் திறந்து உள்ளே இறங்கினேன். அவன் கால் பெடலுக்குள் மாட்டியிருந்தது, வலது கை உடம்புக்கு அடியில். கழுத்துவரை தண்ணீர். அவன் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் பார்த்துக் கத்தினேன். நான் கத்தியதைக் கேட்டுத்தான் மாரியம்மாளும் மற்றவர்களும் மூன்று பாத்தி தாண்டி ஓடிவந்தார்கள். "தோ வந்துட்டோம்!" என்று அவள் கூவுவது கடைசியில் கேட்கும். அத்துடன் மூன்று நிமிடம் முடிந்துவிடும்.

அவனைக் காப்பாற்ற முடியவில்லை என்றாலும் எல்லோரும் என்னை மெச்சினார்கள். ஐயா சால்வை போர்த்தினார். பேப்பரில் போட்டோ வந்தது. நீங்கள்கூட இந்த மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்துவந்து கை கொடுத்தீர்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, கை மரத்துப்போய்விட்டது என்று சொன்னேன். நம்பினீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. டேப்பைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் நம்புவார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூவிழி என் கடைக்கு வந்தாள். "அண்ணே, அவர் குரல ஒருதரம் கேக்கணும்." பழைய டேப் எதையும் நான் காட்டவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த இந்த மூன்று நிமிடத்தை மட்டும் போட்டேன். அழுதாள். மறு வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். ஸ்டூலைத் துடைத்து வைப்பேன், கலர் வாங்கி வைப்பேன், குடிக்க மாட்டாள். சார், அந்த ஐந்து சனிக்கிழமைகளில் நான் இருந்த மாதிரி என் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை.

ஆறாவது சனிக்கிழமை அவள் அழவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூன்று முறை போடச் சொன்னாள்.

"அண்ணே, எதிர்க்க மதகு தெரியுதே, அதுல சிவப்புக் கோடு போட்டிருக்குது பாருங்க. மொதல்லயும் தண்ணி அந்தக் கோட்டுலதான் இருக்குது. கடைசியிலயும் அங்கதான் இருக்குது."

"அதுக்கு இன்னாம்மா?"

"தண்ணி ஏறவே இல்லையேண்ணே."

உப்பளத்தில் வேலை பார்த்த பெண் அல்லவா, தண்ணீர் மட்டம் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். நானும் ஐம்பது தடவை பார்த்திருக்கிறேன், உங்கள் ஆட்களும் பார்த்தார்கள், எவர் கண்ணிலும் அந்தக் கோடு படவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டேப்பை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

அதனால் இனி ஒளிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறவில்லை. என் கையும் மரக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம்கூட நான் அவன் தலையைத் தாங்கியிருப்பேன், அவன் ஒன்றும் கனமான ஆள் இல்லை. கரை எங்கே முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். 'வா, வா' என்றபோது குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

சிவப்பு பல்பு அணைவதற்காகக் காத்திருந்தேன். அது அணைந்ததும் மோவாயிலிருந்து கையை எடுத்தேன். நான் அமுக்கவில்லை. எடுத்தேன், அவ்வளவுதான். அவன் இடது கையால் என் சட்டையைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. கழுத்தை எக்கி இரண்டு தடவை மேலே வந்தான். வந்தபோது பேசினான். மாரியம்மாள் ஆட்கள் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. அவர்களோடு சேர்ந்து நானும் இழுத்தேன். உண்மையாகவே இழுத்தேன்.

செந்தமிழ் கடைசியில் என்ன பேசினான் என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். நீங்கள் எழுதுகிற காகிதத்தில் மற்றதெல்லாம் இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அது மட்டும் இருக்காது. அது பூவிழியைப் பற்றியது. அதை உங்களிடம் சொல்வது முறையாக இருக்காது.

ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அவள் வெளியே நின்றுகொண்டிருக்கிறாள். அவள் அப்பாவும் கூட வந்திருக்கிறார். என்னைத் தூக்கில் போடச் சொல்லி மனு கொடுக்க வந்திருப்பதாக ஏட்டையா சொன்னார். கொடுக்கட்டும், மனசு ஆறட்டும். ஆனால் அவள் வந்திருப்பது அதற்காக இல்லை சார், எனக்குத் தெரியும். அந்த நாலாவது நிமிடம் எந்த டேப்பிலும் கிடையாது. கடலூர் ஜெயிலில் போட்டாலும் வேலூரில் போட்டாலும் அதைக் கேட்க அவள் என்னிடம்தான் வந்தாக வேண்டும். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். செந்தமிழைப்போல வெறுமனே 'உம்' கொட்டாமல், அவள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள இனிமேல் எப்போதும் ஒன்று இருக்கும்.