செம்மநத்தம் பஸ்ஸை விட்ட இருவர்

ஏற்காட்டில் செம்மநத்தம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண் கைபேசியில் படித்ததை, உடன் நின்ற அக்காவிடம் சொன்னாள்.

“யாரையும் அதட்டாம எல்லார்கிட்டயும் வேல வாங்கோணுமாம். அதுதான் புராஜெக்ட் மேனேஜருங்கக்கா.”

“சர்ச் திருவிழாவுல, தேரு எந்தத் தெருவுக்கு மொதல்ல வரோணும்னு அடிச்சுக்கிட்டவங்கள ஒண்ணா இழுக்க வெச்சயே, அந்த வேலையா கண்ணு?”

“அதுக்கெல்லாம் ஆள் எடுப்பாங்களா?”

“எப்படிச் சேர்றதுன்னு போட்டிருக்குதா?”

“இதுல படிக்க இன்னும் நொம்ப இருக்குதுங்கக்கா. ஊட்டுல சிக்னலே இல்லீங்களே.”

பஸ் வந்தது. நான் ஏறினேன்.

“ஏனுங்க, ஏறலீங்களா? இத விட்டா சாயங்காலந்தான்” என்றார் கண்டக்டர் அவர்களிடம்.

“நீங்க போங்க. இவ படிச்சு முடிக்கட்டும்” என்றாள் அக்கா.