கோழி மருந்து

ரோகு மீனுக்குக் காலை ஏழு மணிக்குத் தீனி போடுவது நல்லது, ஐயா. வெயில் ஏறினால் மேலே வராது. இந்தத் தீவில் டாலிகஞ்ச் பகுதிக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு குளங்களிலும் நான் ஒரு நாள்கூட நேரம் தவறியதில்லை.

அங்கே ஆய்வு நடத்தியவர் சங்கவி மேடம். ஒரு குளத்துக்குச் சாதாரணத் தீனி. இன்னொன்றுக்குப் புரோபயாட்டிக் பொடியும் ஃபார்மேட் உப்பும் கலந்த தீனி. நல்ல கிருமி மீனின் குடலில் இடம் பிடிக்கும், உப்பு கெட்ட கிருமியை ஒடுக்கும், மருந்தே தேவைப்படாது என்று மேடம் விளக்கினார். "ரெண்டு மூணு மீனுக்குப் புண்ணு வரத்தான் செய்யும், ஈஸ்வரன். பயப்படாம அப்படியே எழுதி வைங்க" என்றும் சொன்னார்.

அதுதான் என்னால் முடியவில்லை.

ஆய்வு தோற்றால் வேலை போகும். வேலை போனால் தெற்கே என் சொந்தத் தீவான கட்சாலுக்குக் கப்பல் ஏற வேண்டும். சுனாமியில் என் அம்மாவையும் அப்பாவையும் கடல் கொண்டுபோனது அங்கேதான். இன்றைக்கும் வாளியில் தண்ணீர் சலசலத்தால் வாசலுக்கு ஓடிவிடுவேன். குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஒரு காலை, ஆய்வுக் குளத்தில் ஐந்து மீன்களின் வயிற்றில் சிவப்புப் புண்ணைப் பார்த்தேன். அவற்றைப் புதைத்தேன். நோட்டில் எழுதவில்லை. கடைத்தெருவில் கோழிக்குப் போடும் கிருமிக்கொல்லி மருந்து வாங்கி வந்து தீனியில் பிசைந்தேன். என் மனைவி அழகம்மா பார்த்துவிட்டாள்.

"மேடத்துக்குத் தெரியுமாங்க?"

"தெரியும்" என்றேன்.

புண் ஆறியது. மேடம் மிகவும் மகிழ்ந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த முடியவில்லை. புண் தெரிந்தபோதெல்லாம் கலந்தேன். நாலு மாதம் அப்படியே போனது. ஐந்தாம் மாதம் மருந்து பலிக்கவில்லை. இரண்டு மடங்கு போட்டேன். மீன்கள் அப்போதும் மிதந்தன. கிருமி பழகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நான் படிக்காதவன் இல்லை.

செத்த மீன்களை மேடம் வருவதற்குள் அள்ள வேண்டும் என்று அழகம்மாவையும் இறக்கினேன். ஒரு மீனின் செவுள் ஓரம் அவள் கட்டைவிரலைக் கிழித்தது. மறுநாள் முழங்கை வரை வீங்கியது. அதற்கடுத்த நாள் தோல் கறுத்துக் கொப்புளித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர் வங்காளி. குளத்தில் ஏதாவது மருந்து போட்டீர்களா என்று இந்தியில் கேட்டார். "தாலாப் மே கோயி தவாயி டாலா?"

சங்கவி மேடம் என் பக்கத்தில்தான் நின்றார்.

"நஹி, டாக்டர் சாப். புரோபயாட்டிக், உப்பு. அவ்வளவுதான்" என்றேன். மேடமும் தலையாட்டினார். மருந்தில்லாமல் வளர்ப்பதற்குத்தான் இந்த ஆய்வே என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஊசி மருந்துக் குப்பியின் பெயரைப் படித்தேன். அதன் பின்பாதியும் நான் வாங்கிய பொட்டலத்தின் பெயரின் பின்பாதியும் ஒன்றுதான்; ஒரே வகை மருந்து. அந்த ஊசி கேட்காது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஒரு வார்த்தை போதும், வேறு மருந்து மாற்றியிருப்பார்கள். வாயைத் திறந்தேன். மேடம் என்னைப் பார்த்தார். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன்.

மாலையில் அழகம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அந்தக் கோழி மருந்து போட்டத டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

"சொல்லிட்டேன்."

"அப்ப சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் போய்விட்டாள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்ற பரிசோதனை முடிவு அன்று மதியம்தான் வந்தது. அந்த ஊசிக்கு அடங்காது என்று அதில் இருந்தது. மேடம் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

மருந்து கலந்தது நான். மறைத்தது நான். அவள் சாவாள் என்று தெரிந்தே இரண்டு இரவும் பகலும் கட்டிலருகில் பேசாமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் கடைசி வரை அவளைப் பயப்படவிடாமல் பார்த்துக்கொண்டேன்.