பொறுக்கும் சூடு என்றால் எவ்வளவு சூடு?

நரைத்த தலைகளையும் காய்த்த கைகளையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பேனா பிடிக்கக் கற்றுத்தந்து, இன்று இந்த அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் ஆசிரியை அம்மா அவர்களே! அவருக்குப் பக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பொறுமை காக்கும் மேலாளர் ஐயா அவர்களே! என்னைவிட மூத்த பெரியோர்களே! பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்து, ஆண்கள் அத்தனை பேரையும் தேர்வில் முந்திய தாய்மார்களே! தோளோடு தோள் நின்ற தோழர்களே! முன்வரிசையில், மண்டபத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் என் மச்சானே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதினேன். மெதுவாகத்தான் எழுதினேன். எழுதிய தாள் கையில் இருக்கிறது. ஆகவே நான் நடுவில் நின்றால் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுத்துக் கூட்டுகிறேன் என்று நினையுங்கள்.

நாங்கள் ஐஸ் கம்பெனியின் இயந்திர அறையில் முடி நரைத்தவர்கள். எங்கள் கம்ப்ரஸர் ஓடும்போது காதோடு காது வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. ஒரு பக்கம் குழாய்களில் உறைபனி வெள்ளைக் கம்பளி போலப் பூத்திருக்கும். மறுபக்கம் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும். குளிருக்கும் கொதிப்புக்கும் நடுவில்தான் எங்கள் குடித்தனம்.

அந்த அறையில் ஷிப்ட் மாறுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் உள்ளே வருவேன். தொப்பி, அதாவது என் மச்சான், ஒரு வார்த்தை பேசமாட்டான். என் கையைப் பிடிப்பான். ஒவ்வொரு குழாயாகக் கூட்டிப்போய் என் உள்ளங்கையை அதன்மேல் வைப்பான். கண்ணாலேயே கேட்பான்: இது குளிர்கிறதா? தலையாட்டுவேன். இது நடுங்குகிறதா? தலையாட்டுவேன். கடைசியாக, கம்ப்ரஸரின் தலையைச் சுற்றி வரும் தண்ணீர்க் குழாய். அதில் கை பொறுத்தால் ஓடவிடலாம். பொறுக்காவிட்டால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். பிறகு வாசலில் ஆளுக்கொரு டீ. அவன் வீட்டுக்குப் போவான். நான் வேலைக்குப் போவேன்.

என்ன சுகமான காலம்! எழுத்தும் இல்லை, ஏடும் இல்லை. கைதான் எங்கள் கடிதம், கைதான் எங்கள் கையெழுத்து!

அந்தக் கை மாற்றும் வழக்கத்துக்கு ஒரு நாள் முடிவு வந்தது. இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று புது ஏற்பாடு. ஒருவன் போன பிறகுதான் மற்றவன் வருவான். மேலாளர் ஐயா எங்களை அழைத்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

“இனிமே நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கவே போறதில்ல. மெஷினை எப்படிப் பாத்துக்கணும்னு எழுதி மாட்டுங்க. அதப் படிச்சு வேற யாராவது ஓட்டிக் காட்டணும். முடியலன்னா லோடு ஏத்துற பக்கம் போயிடுங்க.”

லோடு ஏற்றுவது என்றால் என்ன? ஈரத்தரையில் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து வண்டியில் தூக்கிப்போடுவது. என்னால் சில காலம் முடியும். தொப்பியின் முழங்கால் மாடிப்படி ஏறவே மறுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு லோடு என்றால் வேலை போனது என்றே அர்த்தம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படித்தான் இந்த மண்டபத்து மாலை வகுப்புக்கு வந்து சேர்ந்தோம். முதலில் எழுத்து. பிறகு வேலையிடத்துக்கான எழுத்து. எழுத்து வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை! கண்ணில் பட்ட பலகையையெல்லாம் படித்தேன். மருந்துச் சீட்டைப் படித்து வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கினேன். அந்த உற்சாகத்தில் இயந்திர அறைக்கான தாளை எப்படித் தொடங்கினேன் தெரியுமா? “மாண்புமிகு கம்ப்ரஸர் அவர்களைத் தொடுமுன்...”

சிரியுங்கள், சிரியுங்கள். ஆசிரியை அம்மாவும் அன்றைக்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். ஒரு வரியில் ஒரு வேலை என்றார். முதலில் எதைப் பார்க்க வேண்டும், பிறகு எதைச் செய்ய வேண்டும் என்றார். படிப்பவர் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்றார். அலங்காரமெல்லாம் மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா, வைத்துக்கொண்டேன், இதோ செலவழிக்கிறேன்!

சோதனை நாள் வந்தது. இயந்திர அறைக்குள் காலே வைக்காத ஒருவர் வேண்டும் என்று கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். எங்களுக்கு அவர் கணக்கம்மா. நாங்கள் சுவரோரம் வாய்திறக்காமல் நிற்க வேண்டும். என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகத் திறந்தார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இயந்திரம் எழுந்து ஓடியது. கடைசி வரிக்கு வந்தார். “தண்ணீர்க் குழாயில் கை வைக்கவும். பொறுக்கும் சூடு என்றால் ஓடவிடவும்.”

கை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

நல்ல சூடுதான் அது, சரியான சூடு! ஆனால் அவர் கை பேனா பிடித்த கை. என் கை காலமெல்லாம் இரும்பு பிடித்த கை. வெளியே வந்ததும் தொப்பி என்னைப் பார்த்தான்.

“என்ன மாப்ள, உன் கையை வெட்டி அந்தம்மாவுக்கு ஒட்டி விடப்போறியா?”

எனக்குக் கோபம் வந்தது. தாள் சரியாகத்தான் இருக்கிறது, பொறுக்கும் சூடு என்றால் தெரியாதா என்று ஆசிரியை அம்மாவிடம் வாதாடினேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பொறுக்கும்னா, யாருக்குங்க ஐயா?”

அன்பர்களே, யாருக்கு? எனக்கா, உங்களுக்கா? நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கா? பதில் அந்தக் குழாயிலேயே இருந்தது. அதன்மேல் ஒரு வெப்பமானி உண்டு. வட்ட முகம், கறுப்பு முள். எண் படிக்கத் தெரியாத நாங்கள் அதில்தான் அத்தனை காலமும் சட்டையை மாட்டிவைத்தோம்!

அடுத்த தாளை மச்சானே எழுதினான். சட்டையை எடுத்தான், கண்ணாடியைத் துடைத்தான். ஷிப்ட் முழுக்கக் குழாயில் கை வைப்பான், முள்ளைப் பார்ப்பான், எழுதுவான். எந்தச் சூட்டில் தன் கை பின்வாங்குகிறது என்று தன் கையையே விசாரித்தான். எனக்கென்றால் அழகாக எழுதவே ஆசை. அவனுக்கு வேலை போகாமல் இருக்கவே ஆசை. ஆகவே அவன் என்னைவிட நன்றாக எழுதினான்.

மறுபடியும் கணக்கம்மா. மறுபடியும் சுவரோரம் நாங்கள். தொப்பி தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தான். அவன் தலை வழுக்கை என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இயந்திரம் ஓடியது. அந்த அம்மா குழாயை நெருங்கினார். சூடு முகத்தில் அடித்திருக்கும். ஒரு கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. எங்களைத் திரும்பிப் பார்த்தார். தொப்பி கூரையைப் பார்த்தான். என் நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லால் கடித்து நிறுத்தினேன். அவர் தாளைப் பார்த்தார். “முள் ஐம்பதைத் தாண்டினால் மட்டும் நிறுத்தவும்.” முள்ளைப் பார்த்தார். ஐம்பதுக்குக் கீழே.

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். இயந்திரம் ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது!

மேலாளர் ஐயா “சரி, போய் வேலையப் பாருங்க” என்றார். அன்றைக்குக் கேட்ட அந்தச் சொல்லைவிட இனிய பாராட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

மறைக்கமாட்டேன், எனக்கு அந்தப் பழைய ஷிப்ட் மாற்றம் ஏக்கமாகத்தான் இருக்கிறது. இப்போது உள்ளே வந்தால் வெறும் அறை. அவன் எழுதிய தாள் இருக்கும், அவன் இருக்கமாட்டான். டீயும் தனியே. சில நாள் யாரும் இல்லாதபோது குழாயில் கை வைத்துப் பார்க்கிறேன். ஆனால் என் மச்சான் பாளம் இழுக்கவில்லை. முழங்காலோடும் மரியாதையோடும் இயந்திர அறையில்தான் இருக்கிறான். அதற்காக அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்கலாம், தோழர்களே, தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்!

என்ன, பின்னால் யாரோ கேட்கிறார்கள். “ரெண்டு பேரும் இங்க இருந்தா மெஷினை யாரு பாக்குறா?” சரியான கேள்வி. கணக்கம்மாதான் பார்க்கிறார். கணக்கு அலுத்துவிட்டது என்று விரும்பிக் கேட்டு மாற்று ஆளாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார். இப்போது தனியாக நிற்கிறார். கூடவே அந்தத் தாள்.

ஆகவே நானும் மச்சானும் நெடுநாளுக்குப் பிறகு ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கிறோம். ஆசிரியை அம்மாவுக்கும், காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மன்னியுங்கள், இதற்குமேல் பேச நேரமில்லை. மச்சான் எழுந்துவிட்டான், வாசலில் டீ ஆறுகிறது. வணக்கம்!