‘வரும்’ என்று கேட்ட செவிக்கு

பேரவையின் நடுமேசையில் பேசாமல் அமர்ந்து, பேசியோர் அனைவரின் பேச்சையும் பிசகாமல் பிடித்து வைத்த பெருந்தகையே! சொல் தரையில் விழுமுன் சுருக்கெழுத்தில் சுழற்றியெடுத்த சுடரே! கூச்சலிலும் குறுக்கீட்டிலும் கோடு குலையாத கைக்குச் சொந்தக்காரரே! எங்களுக்கெல்லாம் அக்காவாகி, அவைக்கெல்லாம் செவியாகி, அதனாலேயே ‘காதக்கா’ என்று பெயர் பெற்றவரே! வணக்கம்.

இன்று மாலை ஓய்வு பெறும் தங்களைப் பாராட்ட எழுந்து நிற்கிறோம். எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதில்தான் குழம்பி நிற்கிறோம். பொறுத்தருள்க.

தங்கள் பணியில் எங்களுக்கு ஐயமே இல்லை. குழாய் வறண்டாலும் மருத்துவமனையில் மருந்து தீர்ந்தாலும், உறுப்பினர் காலையிலேயே கவன ஈர்ப்பு அறிவிப்பைக் கொடுத்து, அமைச்சரை எழுப்பிப் பதில் கேட்பார். அவர் கொதிப்பார், இவர் குளிர்விப்பார். கேட்டவர் மறக்கக்கூடும், சொன்னவர் மறந்தே தீருவார். தாங்கள் எழுதியது மட்டும் அச்சேறி நிற்கும். செய்கிறேன் என்று அமைச்சர் சொன்னதாக அச்சில் ஏறிவிட்டால் போதும், உறுதிமொழிக் குழு அதைப் பிடித்துக்கொண்டு, வேலை முடியும்வரை துறையைத் தூங்க விடாது.

ஆற்றுப்பாலம் இடிந்து, அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்குப் படகில் போன சமயம் அது. அந்தத் தொகுதியின் பெண் உறுப்பினர் கவன ஈர்ப்புக் கொண்டுவந்தார். பொதுப்பணி அமைச்சர் எழுதி வந்ததை வாசித்துவிட்டு உட்காரப் போனார். அம்மையாரா விடுவார்!

“பரிசீலனை கிரிசீலனை எல்லாம் வேணாங்க. அடுத்த மழைக்கு முன்னாடி பாலம் வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!”

அவர் கட்சியினர் மேசையைத் தட்டினார்கள். எதிர்வரிசையும் ஏட்டிக்குப் போட்டியாகத் தட்டியது. அமைச்சர் பின்னால் இருந்த பொறியாளர் பக்கம் பாதி திரும்பி ஏதோ சொன்னார். பொறியாளர் கையை விரித்தார். மறுநாள் அச்சில் வந்தது இதுதான்: ‘மாண்புமிகு அமைச்சர்: வரும்.’

அன்று பிடித்த தலைச்சுற்றல் எங்களுக்கு இன்னும் தெளியவில்லை. துறை அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னம்மா இது? மந்திரி பொறியாளரைப் பார்த்து ‘வருமா’ன்னு கேட்டிருக்கார். நீங்க ‘வரும்’னு போட்டுட்டீங்க! ஒரு துணைக்கால் போனதுல மொத்தப் பாலமும் எங்க தலையில வந்து விழுந்துடுச்சு!”

“சார், காதுல விழுந்ததை எழுதினேன்” என்றீர்கள்.

ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தோம். மேசை தட்டலுக்கு அடியில் ‘வரு’ என்று ஒரு முனகல். மிச்சத்தைப் பாதிப்பேர் ‘ம்’ என்றோம், பாதிப்பேர் ‘மா’ என்றோம். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கேட்டபோது இரண்டு பாதியும் கட்சி மாறியிருந்தோம். கடைசியில் அமைச்சரே நம் அறைக்கு வந்துவிட்டார்.

“நான் என்னதான்மா சொன்னேன்?”

“ஐயா சொன்னதுதாங்க அதுல இருக்கு.”

படித்தார். தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். ‘வரும் என்று நான் சொல்லவில்லை’ என்று அவையில் எழுந்து திருத்தம் சொல்ல எந்த அமைச்சருக்கு மனம் துணியும்? அப்படியே போய்விட்டார். ஆற்றில் தூண்கள் எழும்பின, மேல்தளம்தான் பாக்கி. தாங்கள் ஓய்வு பெற்ற கையோடு பதிவைத் திருத்தக் கேட்டு, வேலையை நிறுத்திவிடலாம் என்று அந்த அதிகாரி காத்துக்கொண்டிருக்கிறார்.

தங்கள் தங்கை வாழ்க்கைப்பட்டது அக்கரையில் என்பதோ எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சுற்றிய தலை இன்னும் சுற்றியது.

இந்த மடலில் முதலில் ‘பிழையறியாப் பேனாவே’ என்று எழுதினோம். பிரிவு அலுவலர் அடித்துவிட்டார்: “அப்ப காதக்கா செஞ்சது வெறும் எழுத்து வேலைன்னு ஆகுதே?” சரியென்று ‘துணிந்து திருத்திய தூயவரே’ என்றோம். பதறிப்போனார்: “அடப்பாவிகளா, இதை மைக்குல வாசிச்சா பால வேலை நாளைக்கே நின்னுடும்!” ஆகவேதான் மைக் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறோம்.

இன்று காலை பொறுக்க முடியாமல் தங்களையே கேட்டோம். “அக்கா, எங்க தலைமேல சத்தியமா சொல்லுங்க. என்ன கேட்டுச்சு?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “வரும்னுதான்டி கேட்டுச்சு. ஆனா வரணும் வரணும்னு நெனச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேனா, அதனால அப்படிக் கேட்டுச்சோ என்னமோ. இன்னிக்கு வரைக்கும் எனக்கே பிடிபடல. நான் போன பிறகு அந்த அதிகாரி வந்து கேட்டா, நீங்க என்னடி சொல்லுவீங்க?”

சொல்லிவிட்டு அழுதீர்கள். எதற்கென்று விளங்காமலே நாங்களும் அழுதோம்.

அக்கா! கூச்சலில்லாக் காலைகளும் குறுக்கீடில்லா உறக்கமும் குன்றாத உடல்நலமும் கூடிவர, நெடிது வாழ்க! தங்கை வீட்டுக்குப் படகேறாமல் நடந்தே போய் வருக! இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். அலுவலகச் சுவர் மட்டும் வேண்டாம். நாளை அந்த அதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

இப்படிக்கு,
அன்று அமைச்சர் ‘வரும்’ என்றதைக் காதாரக் கேட்ட,
பேரவைச் சுருக்கெழுத்துப் பிரிவு ஊழியர்கள் அனைவரும்
(அன்று விடுப்பில் இருந்தவர் உட்பட)