சபாரத்தினத்தாரின் நொச்சி

வாழை மரமல்ல. அது ஒரு பூண்டு. தண்டு என்று நாம் நினைப்பது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்பதுதான். இதை மன்னாரில் பத்தொன்பது வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

1996 தைப்பொங்கலுக்கு, ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் சங்கம் வாடகைக்கு எடுத்த மண்டபத்திலும் இதையேதான் சொன்னேன். பத்து நிமிடம் பேசும்படி கேட்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடம் சங்கத் தலைவர் சபாரத்தினத்தார் மைக்கை வாங்கினார். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கே ஒரு கம்பனியில் தபால் பிரிக்கிறார். மைக் கைக்கு வந்தால் மட்டும் மறுபடி கச்சேரி.

“வாழை மரமில்லையாம். அப்ப இவ்வளவு காலமும் கலியாண வீட்டு வாசலிலை கீரையையே கட்டினனாங்கள், மாஸ்ரர்?”

மண்டபம் சிரித்தது. என் மனைவி விக்ரோறியாவும் சிரித்தாள். அவளை மன்னித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் வாழை மாஸ்ரர்.

இந்த நாட்டில் என் பட்டத்தை எவரும் கேட்கவில்லை. டிப்போவில் பஸ் கழுவுகிறேன். பங்குனியில் ஒரு பஸ்ஸின் கடைசி இருக்கைக்குக் கீழே சிறிய பொலித்தீன் பை ஒன்று கிடந்தது. உள்ளே தூளும் ஐந்து விதைகளும். கஞ்சா என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்தச் செடியை அதற்கு முன் நான் வளர்த்ததில்லை. தயிர்க் கோப்பைகளில் மண் போட்டு, சுடுதண்ணீர்ச் சிலிண்டர் இருக்கும் அலுமாரிக்குள், காயப்போட்ட துவாய்களுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று முளைத்தன. முதல் தடவைக்குக் குறைந்த புள்ளி அல்ல. விக்ரோறியாவிடம் மிளகாய் என்று சொன்னேன். அவள் நம்பினாள்.

ஐந்து விரல் இலை விரிந்ததும் மூன்றையும் சபாரத்தினத்தாரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“ஒருத்தர் தந்தவர், ஐயா. என்ன செடியெண்டு எனக்குப் பிடிபடேல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்.”

தெரியாது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் திருப்பிக் கொண்டுவந்து குப்பையில் போட்டிருப்பேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் அடித்துச் சத்தியம் செய்வேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், இலையைத் தடவினார்.

“பொட்டனி மாஸ்ரருக்கு நொச்சி தெரியாதோ? எங்கடை அப்பற்றை வளவிலை வேலியே இதுதானே.”

அதே இலை பஸ் தரிப்பில் நிற்கும் பெடியளின் சேட்டுகளில் பெரிதாக அச்சடித்திருந்தது. ஆனால் சபாரத்தினத்தார் பெடியளை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை.

அவர் வீட்டில் ஓர் அறை வெறுமையாக இருந்தது. வெறுமை என்று சொல்லக் கூடாது. மூன்று கட்டில்கள் விரித்தபடி இருந்தன. செல்லடியில் புருஷனை இழந்த அவருடைய தங்கை அம்புஜம், இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். ஸ்பொன்சர் இவர். சுவருக்கு அவரே பெயின்ற் அடித்திருந்தார். வெயில் நன்றாக விழும் அறை. நொச்சி அங்கே குடிபுகுந்தது.

பிறகு நான் கிழமைக்கு ஒரு தடவை போனேன். குளிர் தொடங்கமுன் ரியூப் லைற் போடலாம் என்றேன். சுவரில் அலுமினியத்தாள் ஒட்டினால் வெளிச்சம் வீணாகாது என்றேன். அடுத்த கிழமை அந்த யோசனைகளை அவர் தன் அனுபவமாக எனக்கே விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். ஆடி மாதம் செடி அவருடைய தோளுக்கு வந்தது. விதை அப்பரின் வளவிலிருந்து வந்தது என்றும், உடுக்கிற சாரத்துக்குள் சுற்றிச் சூட்கேசில் தானே கொண்டுவந்ததாகவும் கோயிலில் நாற்பது பேருக்குச் சொன்னார். தடிமன்காரர் இலை வாங்கிப்போய் ஆவி பிடித்தார்கள். எல்லாருக்கும் நல்ல நித்திரையாம். தலைவர் கொடுத்த இலை என்றால் வேலை செய்யத்தானே வேண்டும்.

நான் நியாயம் பார்க்கிறவன். இரண்டாவது சந்தர்ப்பமும் கொடுத்தேன்.

“நொச்சிக்கு இப்பிடி மணக்குமோ, ஐயா?”

“குளிர் நாட்டிலை மணம் கூடும், மாஸ்ரர். இதெல்லாம் புத்தகத்திலை வராது.”

அடுத்த நாள் தெருமுனை டெய்ரிக் கடைக்கு முன்னால் இருந்த போன் பெட்டியிலிருந்து பொலிசுக்குப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. முகவரியை இரண்டு தரம் சொன்னேன்.

வந்தவர்களைச் சபாரத்தினத்தாரே அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாராம். அப்பரின் வளவு, சாரம், சூட்கேஸ், ஒன்றும் விடவில்லையாம். அவர்களும் ஒரு சொல் விடாமல் எழுதினார்களாம். அவர் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட சபை இந்த நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

இரண்டு கிழமையால் என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். பழக்கமில்லாதவர் நொச்சி என்று மயங்கக்கூடிய செடிதான் இது என்று, படித்த ஒருவர் எழுதித் தந்தால் வழக்கை நிற்பாட்டப் பார்க்கலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் தண்டனை; தண்டனை என்றால் ஸ்பொன்சர் பைல் மூடப்படும். எங்கள் ஆட்களில் பொட்டனி படித்தவன் நான் ஒருவன்தான்.

“எனக்குத் தெரியாது, மாஸ்ரர். சத்தியமாத் தெரியாது. நொச்சி எண்டுதான் நினைச்சன். நீங்கள் தந்ததெண்டு நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. பாவம், உங்களுக்கும் தெரியாதுதானே. உங்களையேன் இழுப்பான்?”

தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. எட்டு மாதம் நான் காத்திருந்த சொல். அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பெருந்தன்மையிலும் கொஞ்சம் கச்சேரி இருந்தது.

தேத்தண்ணியோடு வந்த விக்ரோறியா, “எழுதிக் குடுங்கோவன், பாவம்,” என்றாள். பேனை எடுத்து எழுத இருந்தேன்.

நொச்சியில் ஓர் இனம் உண்டு. தாவரவியலில் அதற்கு வைத்த பெயருக்கே கஞ்சா இலை போன்றது என்றுதான் அர்த்தம். பெயர் வைத்தவர்களின் கண்ணுக்கே இரண்டும் ஒத்திருந்தன. அந்த ஒரு வரி போதும். அதை எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இவ்விரு செடிகளையும் ஒரு பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்தறியும் என்று எழுதி, பட்டத்தைப் போட்டு, கையெழுத்து வைத்து, உறையை ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினார்.

அதைப் படித்த லோயர் குற்றத்தை ஒப்புக்கொள்வதே நல்லது என்றாராம். ஒப்புக்கொண்டார். பைல் மூடப்பட்டது. சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். அடுத்த பொங்கலில் எனக்குப் பதினைந்து நிமிடம் தந்தார்கள். வாழையைப் பற்றியே பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மாசியில் வெள்ளவத்தை லொட்ஜில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. அம்புஜத்தின் மூத்தவள் ராகவியை விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றினார்கள். பத்தொன்பது வயது. விசா வந்திருந்தால் அவள் அன்றைக்கு வெயில் விழும் அந்த அறையில் இருந்திருப்பாள் என்று சபாரத்தினத்தாரின் மனைவி ரதிதேவி என்னிடம் சொல்லி அழுதார். பிள்ளையை எங்கே வைத்திருப்பினம், மாஸ்ரர், என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.